மாவுக்கடை மாடியில் ஒரு சேமிப்பு வகுப்பு

முதல் ஞாயிற்றுக்கிழமை, மாடிப்படி ஏறிய மூச்சு அடங்கி நான் நாற்காலியில் உட்காரும் முன்பே முன்வரிசையிலிருந்த ஒரு பெண் கேட்டார்.

"மிஸ், இன்னா குடுப்பீங்கோ?"

"பொருள் எதுவும் குடுக்க மாட்டோம்மா. கையில வர்ற பணத்தை எப்படிச் சேர்த்து வைக்கிறது, எதுல போட்டா பத்திரம், இதையெல்லாம் பிள்ளைங்க சொல்லித் தருவாங்க."

அவர் பக்கத்தில் இருந்தவரைத் திரும்பிப் பார்த்தார். "பக்கெட்டு குடுப்பாங்கோன்னு சொல்லித்தானே இட்டாந்த?"

போன மாதம் வேறு யாரோ வந்து, கை கழுவுவது எப்படி என்று சொல்லிக்கொடுத்து, ஆளுக்கொரு பக்கெட்டும் சோப்பும் தந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். கை கழுவக் கற்றுக்கொண்டதற்கே பக்கெட் என்றால், பணத்தைப் பற்றிக் கற்றுக்கொள்வதற்கு குக்கராவது வரும் என்று எதிர்பார்த்திருக்கிறார்கள். அதில் தப்பு சொல்ல முடியுமா? ஆனால் அன்றைக்கு எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் ஒரு வாரத் துணி ஊறிக்கொண்டிருந்தது.

குமணன்சாவடியைத் தாண்டி இருக்கிற ஒரு தனியார் கல்லூரியில் நான் வணிகவியல் நடத்துகிறேன். வீடு அம்பத்தூரில். வாரத்தில் ஆறு நாள் கல்லூரிப் பேருந்தில் போய்விட்டு வரும் எனக்கு, ஏழாவது நாளையும் எடுத்துக்கொள்ளும் வகையில் ஒரு சுற்றறிக்கை வந்தது. மாணவர்கள் சமூகத்துக்குப் போய்ப் பாடம் நடத்த வேண்டும். நடத்தினால் அவர்களுக்கு மதிப்பெண் உண்டு. 'குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு நிதி விழிப்புணர்வு' என்பது எங்கள் துறைக்கு விழுந்த தலைப்பு. "மேடம், நீங்க அம்பத்தூர்லதானே இருக்கீங்க?" என்று கேட்டார்கள். என் தகுதி அதோடு தீர்ந்தது.

இடம் தேடித்தான் முதலில் அலைந்தேன். சமுதாயக் கூடத்தின் சாவி யாரிடம் இருக்கிறது என்பதே ஒருவருக்கும் தெரியவில்லை. பள்ளிக்கூடத்தில் ஞாயிறு தர மாட்டோம் என்றார்கள். கடைசியில் கள்ளிக்குப்பத்தில் இட்லி மாவு அரைத்து விற்கும் ஒரு அக்கா, "எம் மாடி சும்மாதான் கீது, வந்து நடத்திக்கோ" என்றார். கீழே கிரைண்டர்கள் ஓடும் கடை. மேலே தகரக் கூரை போட்ட மொட்டை மாடி. பாய் விரித்து, மண்பானையில் தண்ணீர் வைத்து, அக்கம்பக்கத்துப் பெண்களைக் கூப்பிட்டு உட்கார வைத்ததும் அவர்தான். வாடகை கேட்கவில்லை. வெயில் நேரத்தில் மோர் வேறு கலக்கிக் கொண்டுவருவார். அவர் கூப்பிட்டதால் வந்தார்கள். நான் கூப்பிட்டிருந்தால் பாய் மட்டும்தான் இருந்திருக்கும்.

மாணவர்கள் குழுவுக்குத் தலைவி சேலத்துப் பெண், விடுதியில் தங்கிப் படிப்பவள். வகுப்பில் முதல் மாணவி. எந்த வேலையையும் சொன்ன நாளுக்கு முன்பே முடித்துக் கொடுப்பாள். யாராவது அதில் ஒரு வரியை மாற்றச் சொன்னால் முகம் சுருங்கிவிடும். அவளுக்குத் துணை ஆவடிப் பையன் ஒருவன். வருகைப் பதிவில் குறைந்தபட்சக் கோட்டைக் கொஞ்சமும் தாண்டாமல், கொஞ்சமும் குறையாமல் நிற்பவன். மற்றவர்கள் செல்போனைத் தலைக்கு மேல் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

ஆரம்ப வகுப்புகளை நினைத்தால் இப்போதும் தலை வலிக்கிறது. தலைவி எங்கிருந்தோ ஒரு படம் இறக்கிவந்து துணித்திரையில் காட்டினாள். வெள்ளைக்கார அப்பா, அம்மா, இரண்டு குழந்தைகள், நடுவில் ரோஸ் நிறத்தில் பன்றி உண்டியல். வருமானத்தில் பாதி தேவைக்கு, முப்பது சதவீதம் ஆசைக்கு, இருபது சதவீதம் சேமிப்புக்கு என்று விளக்கினாள்.

ஏற்றுமதித் துணிக் கம்பெனிக்குப் போகிற ஒரு பெண் கையைத் தூக்கினார். "ஏம்மா, ஊட்டு வாடகையே பாதி போவுது. அப்புறம் சோறு, கரண்டு, பஸ்ஸு. இதுல ஆசைக்கு முப்பதுன்னா நான் இன்னா ஆசைப்படறது, நீயே சொல்லு?"

எல்லோரும் சிரித்தார்கள். தலைவி சிரிக்கவில்லை. "அப்போ ஆசையைக் குறைச்சுக்கணும்" என்றாள்.

நான் பானைப் பக்கம் போய்த் தண்ணீர் குடித்தேன்.

கீழே கிரைண்டர் ஓடினால் மேலே பேசுவது கேட்காது. கிரைண்டரை நிறுத்தினால் அக்காவுக்கு வியாபாரம் போகும். மின்சாரம் போனால் கிரைண்டரும் நிற்கும், திரையும் அணையும். இதையெல்லாம் தாண்டி, வங்கிக் கணக்கு, ரகசிய எண்ணைக் கேட்டு வரும் போன், நகை அடகு வட்டி என்று ஏதோ கொஞ்சம் நடந்தது. ஆவடிப் பையன் பேசும்போது மட்டும் பெண்கள் செல்போனைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்கள். "யக்கா, ஓடிபி கேட்டா செருப்பு கேட்ட மாதிரி நென்ச்சிக்கோ. குடுப்பியா?" என்பான். அதற்குத் தலைவி, குழுத் தலைவர் போடும் மதிப்பெண்ணில் அவனுக்குக் குறைத்துப் போட்டாள், 'மொழி முறையாக இல்லை' என்று.

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமைகளில் வகுப்பு முடிந்தாலும் பெண்கள் இறங்க மாட்டார்கள். அதே பாயில், அதே இடத்தில் அக்காவின் சீட்டு நடக்கும். இருபது பேர். ஆளுக்கு மாதம் இரண்டாயிரத்து ஐநூறு. ஐம்பதாயிரம் ரூபாய்ச் சீட்டு. யாருக்கு அவசரமோ அவர் கொஞ்சம் விட்டுக்கொடுத்து ஏலத்தில் எடுத்துக்கொள்வார். விட்டுக்கொடுத்த தொகை எல்லோருக்கும் பிரித்துக் கழியும். எடுத்தவர் கடைசி மாதம் வரைக்கும் தவறாமல் கட்டிக்கொண்டே வர வேண்டும். சீட்டு முழுக்க நிற்பது அந்த ஒரு நம்பிக்கையில்தான். பல வருடங்களாக அக்கா சீட்டு பிடிக்கிறார், ஒரு முறையும் பணம் தட்டிப்போனதில்லை என்றார்கள். பதிவு கிதிவு எதுவும் கிடையாது.

எங்கள் பாடத்திட்டத்தில் 'மோசடித் திட்டங்கள்' என்று ஒரு பகுதி இருந்தது. அதில் பதிவு செய்யாத சீட்டு பற்றியும் இருந்தது. நான் தலைவியைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"இந்தப் பகுதியை இங்க இப்படியே காட்டாதம்மா. முதல்ல நான் அக்காகிட்டப் பேசறேன். பதிவு எப்படிப் பண்றதுன்னு அவங்களுக்கு வழி சொல்லிட்டு, அப்புறம் மத்தவங்களுக்குச் சொல்லலாம்."

"ஆனா மேம், அது சட்டவிரோதம்தானே?"

"ஆமா."

"அப்போ மறைக்கறது தப்பில்லையா?"

சட்டப்படி அவள் சொன்னதில் ஓர் எழுத்துகூடப் பிசகில்லை. அதுதான் எரிச்சல். "மறைக்கச் சொல்லல. ஒரு வாரம் தள்ளிப் போடு" என்றேன். சரி என்றாள்.

அந்த வாரம்தான் ஒருங்கிணைப்பாளர் சார் வந்து சேர்ந்தார். கல்லூரியின் சமூகப் பணிகளுக்கெல்லாம் பொறுப்பு அவர். கூடவே ஒரு பேனர், ஒரு புகைப்படக்காரர். பேனரை எங்கே கட்டுவது என்பதில் முக்கால் மணி நேரம் போயிற்று. அதற்கு வசதியாக அக்கா துணி உலர்த்தியிருந்த கொடியை அவிழ்த்துவிட்டார்கள். சார் ஒரு தாளை எடுத்து, நடத்தி முடித்த தலைப்புகளுக்கு நேரே டிக் போட்டுக்கொண்டே வந்தார்.

"மோசடித் திட்டங்கள்? முடிக்கலையா? இன்னைக்கு அதையே எடுங்க. படத்துக்கும் நல்லாருக்கும்."

"சார், அது அடுத்த வாரம்..." என்று நான் எழுந்தேன். தலைவி என்னைப் பார்த்தாள், சாரைப் பார்த்தாள். மடிக்கணினியில் அந்தப் பக்கத்தைத் திறந்தே வைத்திருந்தாள்.

திரையில் முகமூடி போட்ட திருடன் ஒருவன், முதுகில் பண மூட்டை. கீழே சிவப்பு எழுத்தில்: 'பதிவு செய்யப்படாத சீட்டுகள் சட்டவிரோதமானவை. அவற்றில் பணம் போடாதீர்கள்.'

அக்கா பின்னால் பானையருகே நின்று டம்ளர்களில் மோர் ஊற்றிக்கொண்டிருந்தார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் எல்லோருடைய முதுகும் அவரைப் பார்ப்பது போலத்தான் இருந்தது.

"அப்போ நம்ம அக்கா சீட்டு?" என்று ஒரு குரல் மெதுவாகக் கேட்டது.

"யாரோடதா இருந்தாலும், பதிவு இல்லைன்னா பாதுகாப்பு இல்லைங்க. போலீஸ் கேஸ் ஆகலாம்" என்றாள் தலைவி.

சார் கைதட்டினார். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. ஓர் உறுதிமொழி எடுக்கலாம் என்றார். 'பதிவு செய்யாத சீட்டில் சேர மாட்டோம்' என்று அவர் சொல்லச் சொல்ல, பெண்கள் வலது கையை நீட்டித் திருப்பிச் சொன்னார்கள். புகைப்படக்காரர் கேமராவை இறக்கிவிட்டு, "பின்னாடி இருக்கற அம்மாவும் கை நீட்டுங்க" என்றார். அக்கா மோர்ச் சொம்பைக் கீழே வைத்துவிட்டுக் கையை நீட்டினார். அந்தப் படம் இன்றைக்கும் எங்கள் கல்லூரி நுழைவாயிலில் பெரிதாக்கி மாட்டியிருக்கிறது.

நான் போய் அவரிடம் மன்னிப்புக் கேட்பது போல ஏதோ சொன்னேன். "பரவால்ல போ டீச்சர்மா, பசங்கதானே" என்றார். டம்ளர்களைப் பொறுக்கிக்கொண்டே என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

இரண்டு நாள் கழித்துப் போன் வந்தது. "டீச்சர்மா, சாயங்காலம் கொஞ்சம் கடையாண்ட வந்துட்டுப் போ."

கல்லூரிப் பேருந்திலிருந்து இறங்கி ஷேர் ஆட்டோ பிடித்துப் போனேன். கடையில் வாடிக்கையாளர்கள் இருந்தார்கள். அவர்களுக்கெல்லாம் மாவு ஊற்றிக் கொடுத்து அனுப்பும் வரைக்கும் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசி ஆளும் போன பிறகு கரண்டியை அண்டாவில் போட்டார்.

"எங்க மாடிக்கு வந்து, எம் பாயில குந்திகினு, எனக்கே ஆப்பு வெச்சிட்டுப் பூட்டீங்களே. நல்லாக்கீதா இது?"

"என்ன ஆச்சுக்கா?"

"இன்னா ஆவணும்? சீட்டு எடுத்தவளுங்கோ எல்லாம் ஜகா வாங்கிக்கினாளுங்கோ. 'பதிவு பண்ணாத சீட்டாமே, போலீஸ் கேசாவுமாமே, எங்களுக்கு வோணாம்பா, நாங்க கட்டல'ன்றாளுங்கோ. துட்ட வாங்கிக்கினு போவும்போது பதிவு கேட்டாளுங்களா? எடுக்காதவளுங்கோ வேற வாசல்ல வந்து நின்னுகினு, 'எங்க துட்ட குடு'ன்றாளுங்கோ. நான் எங்க போவட்டும்?"

எனக்கு முதலில் புரியவே கொஞ்ச நேரம் ஆயிற்று. சீட்டில் பாதிப் பேர் ஏற்கனவே எடுத்துவிட்டவர்கள். பணம் கைக்கு வந்து செலவும் ஆகிவிட்டது. அவர்களுக்கு இனிமேல் கட்டுகிற வேலை மட்டும்தான் பாக்கி. அந்த நேரம் பார்த்து, கல்லூரியிலிருந்து படித்தவர்கள் வந்து, திரை கட்டி, சிவப்பு எழுத்தில், கட்டாதே என்று சொல்லிக் கொடுத்திருக்கிறோம். உறுதிமொழி வேறு. இத்தனை வாரம் நாங்கள் கத்தியதில் அவர்கள் உடனடியாகக் கடைப்பிடித்த ஒரே பாடம் இதுதான். அதுவும் யாருக்கு வசதியோ அவர்கள் மட்டும்.

மறுநாள் ஒருங்கிணைப்பாளர் அறைக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"மேடம், நம்ம வேலை விழிப்புணர்வு. கலெக்‌ஷன் இல்ல. அந்த அம்மா பண்றது சட்டவிரோதம். நாம போய் அதைத் தூக்கி நிறுத்தறதா?"

"சார், அங்க பத்துப் பேரோட பணம் நிக்குது. எடுக்காதவங்க பணம்."

"அதுக்குத்தான் சொன்னோம், போடாதீங்கன்னு."

"போட்டு முடிச்சவங்ககிட்டப் போய்ச் சொன்னோம் சார்."

"எழுத்துல எதுவும் வேண்டாம் மேடம்" என்று பேச்சை முடித்தார். அன்று அந்த அறையை விட்டு வெளியே வந்தேன். ஒரு ராஜினாமாக் கடிதத்தை மனசுக்குள் எழுதி முடித்து, வீட்டுக் கடன் தவணையை நினைத்து மனசுக்குள்ளேயே கிழித்துப் போட்டேன்.

மாணவர்களைக் கூப்பிட்டுப் பேசினேன். தலைவி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அழுவாள் என்று நினைத்தேன். அழவில்லை, வாதாடினாள்.

"நான் தப்பா எதுவும் சொல்லல மேம். சட்டத்துல இருக்கறதைத்தான் சொன்னேன். அவங்க புரிஞ்சுக்கிட்டது தப்பு."

"சரி. தப்பாப் புரிஞ்சுக்கிட்டா யார் போய்த் திருத்தணும்?"

ஆவடிப் பையன்தான் வாயைத் திறந்தான். "மேம், எங்க ஊட்லயும் அம்மா சீட்டு கட்றாங்க. எடுத்தவன் கட்டலன்னா, எடுக்காதவன் தலையில விழும். சீட்டு நல்லதா கெட்டதான்னு அப்பால பேசலாம். ஓடற பஸ்ஸுல பாதி வழில டயரைக் கயட்டக் கூடாதுல்ல மேம்?"

தலைவி அவனை முறைத்தாள். பிறகு, "வீடு வீடாப் போய்ச் சொல்லணுமா?" என்று கேட்டாள்.

"ஆமா. கல்லூரி சார்பா இல்ல. நாம மூணு பேரும் சொந்தமாப் போறோம். மார்க் கிடையாது."

"போட்டோ?" என்றான் பையன். நான் பார்த்த பார்வையில், "சும்மா கேட்டேன் மேம்" என்றான்.

எந்தச் சீட்டில் பணம் போடாதே என்று திரைகட்டிச் சொன்னோமோ, அந்தச் சீட்டுக்குப் பணம் கட்டு என்று கெஞ்சிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் கள்ளிக்குப்பத்தின் சந்துகளில் நடந்தோம். என்னுடைய எம்.காம்., அதற்கு மேல் வாங்கிய பட்டம் எல்லாம் அன்றைக்கு எனக்குத் துணைக்கு வரவில்லை.

முதல் வீடு, அடுக்குமாடிக் குடியிருப்புகளில் வீட்டு வேலை செய்யும் ஒரு பெண்ணுடையது. வரிசையாகச் சுவர் ஒட்டிய வீடுகளில் ஒன்று. எங்களைப் பார்த்ததும், "வாங்க மிஸ்" என்று சிரித்து, பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பு போய்விட்டது.

"மிஸ், நீங்கதானே சொன்னீங்கோ? இந்தப் பாப்பாதானே சொல்லிச்சு, போலீஸ் கேசாவும்னு. நான் உறுதிமொழி வேற எடுத்தேன்."

தலைவியின் முகம் சிவந்தது. "அக்கா, நான் சொன்னது புதுசாப் போடாதீங்கன்னு. எடுத்துட்டுக் கட்டாம இருங்கன்னு சொல்லவே இல்ல."

"அத்த அன்னிக்கே சொல்லியிருக்கலாம்ல?"

நான் பேச வந்தேன். அந்தப் பெண் என்னைக் கையமர்த்தினார்.

"மிஸ், நான் ஏமாத்துக்காரி இல்ல. ஊட்டுக்காரன் திடீர்னு காலி பண்ணுன்னான். இந்த ஊட்டுக்கு அட்வான்ஸு குடுக்கத்தான் சீட்ட எடுத்தேன். இப்போ ரெண்டு ஊட்டு வேல போயி ஒரு ஊடுதான் கீது. மாசம் பொறந்தா எப்படிக் கட்டறதுன்னு முழிச்சிகினு கீறேன். அந்த நேரத்துல நீங்க வந்து கட்டாதன்றீங்கோ. சாமியே வந்து சொன்ன மாதிரி இருந்துச்சு. வேற இன்னா பண்ணுவேன்?"

அவர் குரலில் கள்ளம் இல்லை. எங்கள் பாடம் அவருக்கு ஒரு மூச்சுவிடும் இடமாக இருந்திருக்கிறது. அதைத் திரும்பப் பிடுங்கத்தான் நாங்கள் நாற்காலியில் உட்கார்ந்திருந்தோம். எனக்கு யார் மேல் கோபப்படுவதென்றே தெரியவில்லை.

பையன் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டான். "யக்கா, உனக்கு மாவுக்கட அக்கா துட்டு குடுத்துச்சுல்ல? அது அக்கா துட்டு இல்ல. உன்னோட சீட்டு கட்டுதே, கம்பெனிக்குப் போவுதே, பொண்ணு மாசமா கீதுன்னு சொல்லுமே, அந்த அம்மா துட்டு. அது இன்னும் எடுக்கல. நீ கட்டலன்னா அது பொண்ணு பிரசவத்துக்கு இன்னா பண்ணும்?"

அடுப்பில் பால் பொங்கியது. அவர் போய் இறக்கிவைத்துவிட்டு வந்தார். "மொத்தமா கட்ட முடியாது. பாதி பாதியா கட்டறேன்னு அக்காண்ட சொல்லுங்கோ" என்றார். அதை நாங்கள் சொல்லக் கூடாது, நீங்களே வந்து சொல்லுங்கள் என்றேன். வந்தார்.

அடுத்த வீட்டில் பெண் வெளியே வரவேயில்லை. ஆட்டோ ஓட்டும் கணவர் வாசலிலேயே மறித்துக்கொண்டார்.

"அண்ணாத்தே, ரெண்டு நிமிஷம்..." என்றான் பையன்.

"இன்னா ரெண்டு நிமிஷம்? போன வாரம் கட்டாதன்றீங்கோ, இந்த வாரம் கட்டுன்றீங்கோ. நீங்க இன்னா படிச்சீங்கோ? மொதல்ல உங்களுக்குள்ள பேசி முடிச்சிகினு வாங்கோ."

கதவு சாத்தப்பட்டது. தலைவி அந்தக் கதவைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "அவர் கேட்டது சரிதானே மேம்?" என்றாள். அன்றைக்குத்தான் அவள் வேறொருவர் சொன்னதைச் சரி என்று ஒத்துக்கொண்டதைக் கேட்டேன். எனக்கு அதில் சந்தோஷப்படத் தெம்பில்லை. வெயில் ஏறிவிட்டது.

அப்படியே நாலைந்து ஞாயிறுகள் அலைந்தோம். சிலர் உடனே ஒத்துக்கொண்டார்கள், சிலர் சண்டை போட்டுவிட்டு ஒத்துக்கொண்டார்கள். ஒருவர், "கட்டறேன், ஆனா எங்க பையனுக்கு உங்க காலேஜ்ல சீட்டு வாங்கிக் குடுங்க" என்று பேரம் பேசினார். ஆட்டோக்காரர் அடுத்த மாதம் தானாகவே வந்து அக்காவிடம் கட்டிவிட்டுப் போனார். எங்களிடம் மட்டும் பேசவில்லை. ஒரு குடும்பம் இரவோடிரவாக வீட்டைக் காலிசெய்து நெமிலிச்சேரிப் பக்கம் போய்விட்டது. போன் எடுக்கவில்லை. அவர்கள் பங்கைக் கடைசி வரைக்கும் அக்காவே போட்டார்.

ஒரு மாதம் சீட்டு நின்றுபோனது, அவ்வளவுதான். நாங்கள் அப்படித்தான் சொல்லித் தேற்றிக்கொண்டோம். ஆனால் அந்த மாதம்தான் கம்பெனிக்குப் போகும் அந்தப் பெண் சீட்டை எடுப்பதாக இருந்தது. மகளுக்கு நாள் நெருங்கிவிட்டது. சீட்டு நின்றதால், வாரா வாரம் வீட்டு வாசலில் வந்து வசூலிக்கும் ஒருவரிடம் கடன் வாங்கிவிட்டார். எந்தக் கடனை வாங்கவே கூடாது என்று நாங்கள் தனியாக ஒரு வகுப்பு எடுத்திருந்தோமோ, அதே கடன். பேரன் நல்லபடியாகப் பிறந்தான். வட்டி அவனோடு சேர்ந்து வளர்ந்தது. அவரைத் தெருவில் பார்க்கும்போதெல்லாம், "எப்படி இருக்கீங்க?" என்று கேட்பேன். "கீறேன் மிஸ்" என்பார், நின்று பேச மாட்டார்.

பருவம் முடிந்ததும் கல்லூரியில் விழா. எங்கள் துறைக்குச் சிறந்த சமூகப் பணிக்கான கேடயம். அறிக்கையை மேடையில் வாசித்தார்கள்: 'பதிவு செய்யப்படாத சீட்டுகளின் பிடியிலிருந்து குடும்பங்கள் மீட்கப்பட்டன.' கேடயம் வாங்கத் தலைவியைக் கூப்பிட்டார்கள். அவள் எழுந்திருக்கவில்லை. பக்கத்திலிருந்தவள் தள்ளிவிட்ட பிறகு போனாள். வாங்கிக்கொண்டு இறங்கியவள் நேரே என்னிடம் வந்து அதை என் மடியில் வைத்தாள்.

"உங்க அலமாரியில வெச்சிருங்க மேம். நான் ஹாஸ்டலுக்கு எடுத்துட்டுப் போகல."

"எனக்கு மட்டும் வேணுமா?" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல. முன்வரிசையில் சார் திரும்பிப் பார்த்தார்.

அக்காவின் சீட்டு எப்படியோ தட்டுத்தடுமாறிக் கடைசி மாதம் வரைக்கும் ஓடி முடிந்தது. எல்லோருக்கும் பணம் வந்தது. முடித்த அன்றைக்கே, "இனிமே சீட்டும் வோணாம், வகுப்பும் வோணாம்" என்று மாடிக் கதவுக்குப் பூட்டுப் போட்டார். பதிவு செய்து நடத்தலாமே, நான் உதவுகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். அதற்கான விவரங்களைத் தலைவியும் பையனும் அலைந்து கேட்டு வந்திருந்தார்கள். வைப்புத்தொகை கட்ட வேண்டும், அலுவலகத்துக்கு நடக்க வேண்டும், எழுத வேண்டியது ஏராளம். முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். "டீச்சர்மா, நான் மாவு விக்கறவ" என்றார். அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு அந்தப் பெண்கள் தபால் அலுவலகத்தில் சேமிப்புக் கணக்கு ஆரம்பித்தார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான். இரண்டு பேர் ஆரம்பித்தார்கள். மற்றவர்களுக்குச் சிறுகச் சிறுகச் சேர்ந்து வரும் பணம் போதாது. நடுவில் ஓர் அவசரம் வந்தால் மொத்தமாகக் கைக்கு வர வேண்டும். புதூர்ப் பக்கமிருந்து ஒருவர் பைக்கில் வந்து புதுச் சீட்டு சேர்த்துக்கொண்டிருக்கிறார் என்று கேள்விப்பட்டேன். அவர் யார், எங்கே வீடு என்று யாருக்கும் சரியாகத் தெரியவில்லை. இந்த முறை நிஜமாகவே பயம் வந்தது.

வீட்டு வேலை செய்யும் அந்தப் பெண்ணைக் காய்கறிக் கடையில் பார்த்தபோது, கையைப் பிடித்து நிறுத்தினேன். "அந்த ஆள்கிட்டப் போடாதீங்க. தெரியாதவர். பதிவும் இல்ல, பழக்கமும் இல்ல."

"தெர்யும் மிஸ். அதான் யோசிச்சிகினு கீறோம்." தக்காளியைக் கூடையில் போட்டுக்கொண்டே என்னை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்தார். "நாங்க பொம்பளைங்கோ எல்லாம் பேசினோம். நீங்களே சீட்டு புடிங்களேன். உங்களுக்கு மாசம் பொறந்தா சம்பளம் வருது. சொந்த ஊடு கீது, ஓடிப் போவ மாட்டீங்கோ. கணக்கும் படிச்சிருக்கீங்கோ."

"நானா? அது சட்டவிரோதம்மா."

"அக்கா புடிக்கக் கூடாது, அந்த ஆளு புடிக்கக் கூடாது, நீங்களும் புடிக்க மாட்டீங்கோ. அப்போ யாருதான் புடிக்கறது மிஸ்?"

கடைக்காரர் எடைக்கல்லைக் கையில் வைத்துக்கொண்டு என் பதிலுக்காகக் காத்திருந்தார். "பேங்க்ல..." என்று ஆரம்பித்தேன். அந்தப் பெண் அதைக் கேட்க நிற்கவில்லை. காசைக் கொடுத்துவிட்டு, வேலைக்கு நேரமாகிறது என்று நடந்துவிட்டார். நான் அரைக் கிலோ வெண்டைக்காய் கேட்டேன். ஒரு கிலோ கட்டிக் கொடுத்தார்கள். திருப்பிக் கொடுக்கவும் தோன்றாமல் வாங்கிக்கொண்டு வந்தேன்.